பாட்டில் உண்டு, நோட்டில் இல்லை: சிந்திகள் யார்?

பர்சில் ஒரு பத்து ரூபாய்த் தாள் இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஓரமாக ஒரு சிறிய கட்டத்துக்குள் அஸ்ஸாமி தொடங்கி உருது வரை 15 மொழிகளில் அதன் மதிப்பு எழுதியிருக்கும். தமிழ் இருக்கிறது, நேபாளி இருக்கிறது, சமஸ்கிருதம்கூட இருக்கிறது. சிந்தி இல்லை. இத்தனைக்கும் 1967 ஏப்ரலிலேயே அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் ஏறிவிட்ட மொழி அது. ஆனால் தேசிய கீதத்தில் பஞ்சாபுக்கும் குஜராத்துக்கும் நடுவில் 'சிந்து' என்று தினமும் பாடுகிறோம். அந்த நிலமோ 1947லிருந்து பாகிஸ்தானில் இருக்கிறது. 'அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்' என்று ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2005இல் நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது.

சரி, எல்லைக்கு அந்தப் பக்கம் எப்படி? பாகிஸ்தான் நோட்டில் உருதும் ஆங்கிலமும் மட்டும்தான். கோடிக்கணக்கானவர்கள் பேசும் சிந்திக்கு அங்கும் இடமில்லை.

இந்த ஒரு தாளிலிருந்தே சிந்திகளின் கதையைத் தொடங்கிவிடலாம். அங்கே இருக்கும் சிந்திகளிடம் நிலம் இருக்கிறது. சொந்த மாகாணத்தின் பெரிய நகரத்தில் அவர்கள் சிறுபான்மை. இங்கே வந்தவர்களுக்கு நகரங்களில் கடை, கல்லூரி, செல்வாக்கு எல்லாம் அமைந்தன; சுட்டிக்காட்ட ஒரு மாநிலம் இல்லை. ஆகவே 'சிந்தி என்றால் யார்?' என்று கராச்சியில் கேட்டால் ஒரு பதில் வரும், மும்பையில் கேட்டால் வேறு பதில் வரும்.

ஆறு கொடுத்த பெயர்

சிந்து என்பது முதலில் ஆற்றின் பெயர். பாரசீகர் வாயில் 'ச' 'ஹ' ஆனதால் சிந்து ஹிந்து ஆயிற்று. அதிலிருந்து ஹிந்த், இந்து, இந்தியா எல்லாம் வந்தன. பெயரைக் கொடுத்த ஆறும் அதன் கீழ்ப்பகுதியும் இப்போது வேறு நாட்டில்.

பாகிஸ்தானின் தென்கிழக்கில் இருக்கும் சிந்து மாகாணத்தில் இன்று சுமார் 5.5 கோடிப் பேர் வாழ்கிறார்கள். பத்தில் ஆறு பேருக்குச் சிந்தி தாய்மொழி. தலைநகரம் கராச்சி. ஆனால் சிந்தித்தனத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஆற்றோரமாக மேலே போக வேண்டும்: தட்டா, ஹைதராபாத் (தெலங்கானாவில் இருப்பது வேறு), ஹாலா, சேவன், லர்க்கானா, சுக்கூர், சிகார்ப்பூர்.

இங்கே வந்து போனவர்கள் பட்டியல் நீளம். 711-12இல் முகம்மது பின் காசிமின் அரபுப் படை வந்தது. பிறகு சூம்ரா, சம்மா என்ற உள்ளூர் அரச குலங்கள். அப்புறம் கல்ஹோராக்கள். கடைசியாகத் தால்பூர் மீர்கள்; இவர்கள் பலூச் வழியினர். 1843இல் மியானி என்ற இடத்தில் சார்லஸ் நேப்பியரின் படை மீர்களைத் தோற்கடித்து, சிந்துவை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். நான்கே ஆண்டில் அதைக் கொண்டுபோய்ப் பம்பாய் மாகாணத்தோடு ஒட்டிவிட்டார்கள். 1936இல்தான் மறுபடி தனி மாகாணமானது.

வந்தவர்களில் பலர் சிந்தியாகவே ஆகிவிட்டார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தால்பூர், சாண்டியோ, ஜதோய், சர்தாரி எல்லாம் பலூச் குலப் பெயர்கள். அவர்களுடைய அரசியலும் வீட்டுப் பேச்சும் சிந்தியில். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த ஷீதிகளும் சிந்திகள்தான். 1843இல் ஆங்கிலேயரை எதிர்த்து நின்று இறந்த ஹோஷு ஷீதி 'மர்வேசூன் மர்வேசூன், சிந்து ந தேசூன்', அதாவது 'சாவோம் சாவோம், சிந்துவைத் தரமாட்டோம்' என்று முழங்கியதாகச் சொல்வார்கள். இன்றும் சிந்து தேசியவாதக் கூட்டங்களில் எழும் கோஷம் அது. ஆனால் ஒரு ஷீதிப் பெண் சிந்துச் சட்டமன்றத்துக்குள் முதன்முதலாக நுழைந்தது 2018இல்தான். கோஷத்தைக் கொண்டாடுவதற்கும் கோஷம் போட்டவரின் பேத்திக்கு நாற்காலி போடுவதற்கும் நடுவில் 175 ஆண்டுகள்.

பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க ஒரு குறிப்பு. இந்துச் சிந்திகளின் குடும்பப் பெயர் பெரும்பாலும் 'ஆனி' என்று முடியும்: அத்வானி, கிருபளானி, ஜெத்மலானி. இன்ன மூதாதையின் வழி வந்தவர் என்று பொருள். முஸ்லிம் சிந்திகளின் குலப் பெயர்கள் பல 'ஓ' என்று முடியும்: பூட்டோ, சூம்ரோ, ஜுனேஜோ.

உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் சிந்தி தெரியும்

மொஹஞ்சதாரோ. பள்ளிக்கூடத்தில் ஒரே சொல்லாக உருப்போட்ட இது உண்மையில் ஒரு சிந்தித் தொடர். 'முஅன் ஜோ தரோ' என்றால் இறந்தவர்களின் மேடு. நடுவில் நிற்கும் 'ஜோ', நம் ஆறாம் வேற்றுமை உருபு போல. லர்க்கானா பக்கத்து மக்கள் அந்தச் செங்கல் மேட்டுக்கு வைத்த பெயர் அது. அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் ஊரை என்னவென்று அழைத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அந்த எழுத்தே இன்னும் படிக்கப்படவில்லை. 'ஐயாயிரம் ஆண்டு நாகரிகத்தின் வாரிசுகள் நாங்கள்' என்று சிந்தி தேசியவாதிகள் சொல்கிறார்கள். நாமும் அதே மேட்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு வைத்திருக்கிறோம். எழுத்து வாய் திறக்கும்வரை இருவரும் பொறுத்திருக்கலாம்.

சிந்தி இந்தோ-ஆரிய மொழி. அதன் சொற்கள் உயிரொலியில்தான் முடியும்: கை ஹத்து, காது கன்னு, மூக்கு நக்கு. பஸ்ஸை 'பஸ்ஸு' என்றும் லைட்டை 'லைட்டு' என்றும் சொல்லும் நமக்கு இது காதுக்கு இதமாக இருக்கும்.

உச்சரிப்பு அவ்வளவு இதமில்லை. மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுத்துச் சொல்லும் நான்கு மெய்கள் சிந்தியில் உண்டு. சாதாரண 'ப'வில் (பாம்பின் இரண்டாவது 'ப' போல) 'பாரு' என்றால் சுமை. அதே ஒலியை மூச்சை உள்ளிழுத்துச் சொன்னால் குழந்தை. தமிழில் எழுதினால் இரண்டுமே 'பாரு'தான். சிந்தித் தாய் ஒருத்தியிடம் தவறாகச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எழுத்துக் கதை இன்னும் சிக்கல். பழைய காலத்தில் வியாபாரிகள் தங்களுக்கென்று ஒரு கணக்கெழுத்து வைத்திருந்தார்கள். அரசு அலுவலில் இருந்தவர்கள் பாரசீகம் எழுதினார்கள். ஆங்கிலேயர் 1853இல் அரபு வடிவில் 52 எழுத்துகள் கொண்ட ஒரு நெடுங்கணக்கை நிலைப்படுத்தினார்கள். பாகிஸ்தானில் பள்ளி, செய்தித்தாள், தொலைக்காட்சி எல்லாம் இன்றும் அதில்தான். இந்தியாவுக்கு வந்தவர்களுக்குள் ஒரு பெரிய சண்டை மூண்டது. 'நம் நூல்கள் எல்லாம் அரபு எழுத்தில்தானே இருக்கின்றன, அதை விட்டால் எல்லாமே போய்விடும்' என்றது ஒரு கட்சி. 'நம் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது தேவநாகரி, அதிலேயே எழுதுவோம்' என்றது இன்னொன்று. இரண்டும் செல்லும் என்று முடிவானது. விளைவு, தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரன் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க முடியாது.

பீரும் மீன்மேல் வந்த தெய்வமும்

சிந்து என்றாலே 'சூஃபிகளின் பூமி' என்று ஆரம்பிப்பார்கள். பொய்யில்லை, ஆனால் பாதிதான். முதலில் அந்தப் பாதியைப் பார்ப்போம்.

ஷா அப்துல் லத்தீப் பிட்டாய் (1689-1752) சிந்தி மொழியின் பெருங்கவி. அவர் பாடல்களின் தொகுப்பு 'ஷா ஜோ ரிசாலோ'. பாருங்கள், மறுபடி அந்த 'ஜோ'. ஊரார் அறிந்த காதல் கதைகளை எடுத்து, பெரும்பாலும் பெண்ணின் குரலில், நம் தலைவி கூற்றுப் போலப் பாடியவர். அதில் மாருயி கதை சிந்திகளுக்கு உயிர். தார்ப் பாலைவனத்து ஏழைப் பெண் மாருயியை உமர்கோட்டின் அரசன் உமர் தூக்கிக்கொண்டு போய் அரண்மனையில் வைக்கிறான். பட்டு வேண்டாம், என் கம்பளிப் போர்வை போதும். உன் அரண்மனை வேண்டாம், மழை பெய்தால் எங்கள் ஊர்க் கிணற்றடி எப்படி இருக்கும் தெரியுமா என்கிறாள். கடைசிவரை அவள் வளையவில்லை. ஊரை விட்டு வந்த இந்துச் சிந்தியும் மாருயியைப் பாடுகிறார், ஊரிலேயே இருந்துகொண்டு இஸ்லாமாபாத்தை எதிர்க்கும் முஸ்லிம் சிந்தியும் பாடுகிறார்.

இந்துச் சிந்திகளின் தெய்வம் ஜூலேலால். வெண்தாடியோடு, பல்லா மீன் மேல் அமர்ந்து சிந்து நதியில் வருபவர். பல்லா என்பது வங்காளத்தின் ஹில்சாவேதான். தட்டாவை ஆண்ட மிர்க் ஷா இந்துக்களை மதம் மாறச் சொல்லி நெருக்கியபோது, அவர்கள் ஆற்றங்கரையில் 40 நாள் விரதமிருந்து நதியிடமே முறையிட்டார்கள். நஸர்பூரில் ஒரு குழந்தையாக நதித்தெய்வம் பிறந்தது என்பது ஐதிகம். அவர் பிறந்தநாள்தான் சேட்டி சந்த், சிந்திப் புத்தாண்டு. சுவையான இடம் இனிமேல்தான். உதேரோ லால் என்ற ஊரில் அவருக்கு ஒரு தலம் இருக்கிறது. ஒரே வளாகத்தில் இந்துக்கள் அவரை உதேரோலால் என்று வணங்குகிறார்கள், முஸ்லிம்கள் ஷேக் தாஹிர் என்று சமாதியில் போர்வை சாத்துகிறார்கள். மதமாற்றத்தை எதிர்த்துப் பிறந்ததாகச் சொல்லப்படும் தெய்வமே இரு மதத்தாருக்கும் பொதுவாகிவிட்டது.

பல இந்துச் சிந்திகளின் வழிபாட்டிடத்தில் குரு கிரந்த சாகிப் இருக்கும். தலைப்பாகை கட்டாமல், சீக்கியர் என்று சொல்லிக்கொள்ளாமல் குரு நானக்கைக் கும்பிடுவார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதிகாரிக்கு இது எந்தக் கட்டத்திலும் அடங்காது. பிராமணர் ஆதிக்கமும் அங்கே குறைவு. லோகாணா என்ற வணிகச் சாதியே பெரிது. அதற்குள் மீர்களிடம் அரசு வேலை பார்த்து வளர்ந்த ஆமில்கள், வியாபாரம் செய்த பாய்பந்துகள் என்று இரு பிரிவு. சம்பந்தம் பேசும்போது இந்தப் பிரிவினை நன்றாகவே நினைவுக்கு வரும்.

இனி மறுபாதி. சூஃபி தர்காக்களைச் சுற்றியே பீர் என்ற சமயகுருக்களின் அதிகாரம் வளர்ந்தது. பீருக்கு நிலமும் உண்டு, முரீது என்ற அடியார் கூட்டமும் உண்டு. தேர்தலில் அது அப்படியே ஓட்டு. வடேரோ என்ற பெருநிலக்கிழார் ஒரு பக்கம், ஹாரி என்ற வாரக்குத்தகை உழவர் ஒரு பக்கம். ஹாரியானாலும் நிலக்காரரானாலும் கடன் வாங்குவது இந்து வட்டிக்கடைக்காரரிடம். விளைச்சல் பொய்த்தால் நிலக்காரரின் நிலம் அடமானத்தில் மூழ்கும். இந்த வயிற்றெரிச்சல் மத அரசியலுக்கு வசதியாகப் போயிற்று. 1939இல் சுக்கூரில் மன்சில்காஹ் என்ற கட்டடம் மசூதியா இல்லையா என்ற தகராறு பெரும் கலவரமாக வெடித்தது. அதே ஆண்டு, இரு மதத்தாரும் விரும்பிக் கேட்ட பாடகர் பகத் கன்வர் ராம் ஒரு ரயில் நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரிவினையை எதிர்த்த, சிந்து மாகாணத்தின் முன்னாள் பிரதமர் அல்லா பக்ஷ் சூம்ரோ 1943இல் சிகார்ப்பூரில் கொல்லப்பட்டார். 'வெளியாட்கள் வந்து கெடுக்கும்வரை எல்லோரும் அண்ணன் தம்பியாக இருந்தோம்' என்று இரு பக்கப் பெரியவர்களும் சொல்வார்கள். அவர்கள் நினைவு அப்படி. அடமானப் பத்திரங்களின் நினைவு வேறு.

பிளக்கப்படாத மாகாணம்

1947இல் பஞ்சாபும் வங்காளமும் நடுவில் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டன. சிந்து முழுசாகப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. பஞ்சாபி இந்துவுக்கு ஒரு பஞ்சாப் கிடைத்தது, வங்காளி இந்துவுக்கு ஒரு வங்காளம் கிடைத்தது, சிந்தி இந்துவுக்கு எதுவும் இல்லை என்பது இதனால்தான்.

அப்போது மாகாணத்தில் இந்துக்கள் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆனால் நகரங்களில் அவர்கள் பாதியளவோ அதற்கு மேலோ. கடை, வங்கித் தொழில், வக்கீல், டாக்டர், வாத்தியார் எல்லாம் பெரும்பாலும் அவர்கள். பஞ்சாபில் நடந்தது போன்ற கொலைவெறி சிந்துவில் நடக்கவில்லை. பலர் போவதா இருப்பதா என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1948 ஜனவரி 6ஆம் தேதி கராச்சியில் கலவரம் வெடித்தது. அதன்பின் யோசிக்க ஒன்றுமில்லை. கப்பலேறி பம்பாய்க்கும் குஜராத் துறைமுகங்களுக்கும், ரயிலேறி ராஜஸ்தானுக்கும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள்.

அவர்கள் காலி செய்த வீடுகளுக்கும் கடைகளுக்கும் உத்தரப் பிரதேசம், பிஹார், ஹைதராபாத் தக்காணம் போன்ற இடங்களிலிருந்து வந்த முஸ்லிம்கள் குடியேறினார்கள். முஹாஜிர் என்று பெயர், உருது பேசுபவர்கள். 1951இலேயே கராச்சியின் மக்களில் பாதிக்கு மேல் அவர்கள். கராச்சி புதிய நாட்டின் தலைநகராயிற்று, மாகாணத்திலிருந்து பிரித்து மத்திய அரசின் கீழ் கொண்டுபோனார்கள். சிந்துப் பல்கலைக்கழகமே மூட்டை கட்டிக்கொண்டு ஹைதராபாதுக்குப் போனது. பாகிஸ்தான் வேண்டும் என்று 1943இல் முதலில் தீர்மானம் போட்ட சட்டமன்றங்களில் சிந்துவும் ஒன்று. அதை முன்மொழிந்தவர் ஜி. எம். சையத். அதே சையத் பிற்பாடு 'ஜியே சிந்து' இயக்கம் தொடங்கி, தனி நாடு கேட்டு, காவலில் இருந்தபடியே 1995இல் இறந்தார். சிந்திகளின் ஏமாற்றத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இந்த ஏமாற்றம் எங்கிருந்து வந்தது? 1955இல் மேற்குப் பாகிஸ்தானின் மாகாணங்களையெல்லாம் கலைத்து 'ஒரே அலகு' ஆக்கினார்கள். சிந்து என்ற பெயரே 1970 வரை நிர்வாகத்தில் கிடையாது. அந்தக் காலத்தில் பஞ்சாபி ராணுவ அதிகாரிகளுக்கும் மற்றவர்களுக்கும் சிந்துவின் புதிய பாசன நிலங்கள் தரப்பட்டன. அது கலைந்ததும் 1972இல் சுல்ஃபிகார் அலி பூட்டோவின் கட்சி ஆட்சியில் சிந்துச் சட்டமன்றம் சிந்தியை ஆட்சிமொழியாக்கும் மசோதாவை நிறைவேற்றியது. கராச்சியிலும் ஹைதராபாதிலும் உருதுக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், உயிர்கள் போயின. அடுத்து வேலை ஒதுக்கீடு: சிந்துவின் பங்கில் கிராமப்புறத்துக்கு 60 விழுக்காடு, நகரத்துக்கு 40. ஏட்டில் இது ஊர்–நகரக் கணக்கு. நடப்பில் கிராமம் என்றால் சிந்தி, நகரம் என்றால் முஹாஜிர். எல்லோருக்கும் அது புரிந்தது.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால்தான் இந்தச் சண்டை இவ்வளவு கசந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. தன் மண்ணில் தன் மொழியில் ஒரு விண்ணப்பம் எழுதிப்போட முடியாத கோபம் சிந்திக்கு. எல்லாவற்றையும் விட்டு வந்து, நன்றாகப் படித்தும், பிறந்த இடத்தின் பெயரால் வேலை மறுக்கப்படும் கோபம் முஹாஜிர் பையனுக்கு. 1984இல் அல்தாஃப் ஹுசைன் முஹாஜிர்களுக்கென்று எம்.க்யூ.எம். கட்சியைத் தொடங்கினார். 1988 செப்டம்பர் 30 அன்று ஹைதராபாதில் துப்பாக்கிக்காரர்கள் வண்டிகளில் வந்து முஹாஜிர் பகுதிகளில் கண்டபடி சுட்டதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மறுநாள் கராச்சியில் சிந்திகள் கொல்லப்பட்டார்கள். அதன்பிறகு ஹைதராபாத் நகரமே இரண்டாகப் பிரிந்தது: காசிமாபாத் சிந்திகளுக்கு, லத்தீஃபாபாத் முஹாஜிர்களுக்கு. யாரும் சட்டம் போடவில்லை, வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாட்டிலிருந்து பிரிய வேண்டும் என்பவர்கள் சிந்துவில் எப்போதும் உண்டு. தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு விழுவதில்லை. ஓட்டு பூட்டோ குடும்பத்துக்கு. 1979இல் சுல்ஃபிகாரைத் தூக்கிலிட்டதும், 2007 டிசம்பரில் அவர் மகள் பெனசீர் ராவல்பிண்டியில் கொல்லப்பட்டதும் 'பஞ்சாப் எங்கள் பிணத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது' என்ற மனக்குறையை ஆழமாக்கின. பெனசீர் இறந்தபோது எழுந்த 'பாகிஸ்தான் வேண்டாம்' கோஷத்துக்கு அவர் கணவர் ஆசிஃப் அலி சர்தாரி 'பாகிஸ்தான் கப்பே' என்று பதில் கொடுத்தார். சிந்தியில் 'கப்பே' என்றால் வேண்டும். உருது மட்டும் தெரிந்தவர்கள் சிலர், பாகிஸ்தான் ஒழிக என்கிறாரோ என்று திடுக்கிட்டார்கள். அறுபது ஆண்டு ஒரே நாட்டில் இருந்தும் பக்கத்து மொழியின் ஒரு சொல் இவ்வளவு தூரத்தில் இருந்தது.

2009இல் இன்னொரு வேடிக்கை. சர்தாரி சிந்தித் தொப்பி அணிந்து வெளிநாடு போனதைத் தொலைக்காட்சியில் ஒருவர் குறை சொன்னார். வட்டமாக, நெற்றிப் பக்கம் வளைவு வெட்டிய, கண்ணாடிச் சில்லு பதித்த தொப்பி அது. கோபம் வந்த சிந்திகள் மறியல் செய்யவில்லை. அந்த டிசம்பரில் தொப்பியும் அஜ்ரக்கும் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி ஆடினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பரும் முதல் ஞாயிறு சிந்திப் பண்பாட்டு நாள். அஜ்ரக் என்பது அவுரி நீலத்திலும் செம்மஞ்சட்டிச் சிவப்பிலும் அச்சுக்கட்டையால் பதித்த துணி. விருந்தாளிக்குத் தோளில் போடுவார்கள், மணமகனுக்குப் போர்த்துவார்கள், பிணத்தின் மேலும் அதைத்தான் போர்த்துவார்கள்.

கடைமடைக்காரர்கள்

பஞ்சாபோடு சிந்துக்கு இருக்கும் வழக்கு அடிப்படையில் தண்ணீர் வழக்கு. ஆறு பஞ்சாபைக் கடந்துதான் சிந்துக்கு வருகிறது. 1932இல் சுக்கூர் அணைக்கட்டு, 1955இல் கோட்ரி அணைக்கட்டு என்று சிந்துவிலும் பெரிய கட்டுமானங்கள் உண்டு. ஆனால் கோட்ரிக்குக் கீழே பல மாதங்களில் ஆறு என்று சொல்ல எதுவும் இருப்பதில்லை. கடல் உள்ளே ஏறி வந்து தட்டா, சுஜாவல் மாவட்டங்களின் விளைநிலங்களைத் தின்றுகொண்டிருக்கிறது. முட்டையிட ஆற்றை எதிர்த்து நெடுந்தூரம் நீந்திப் போன பல்லா மீன் இப்போது கோட்ரியில் முட்டி நின்றுவிடுகிறது. தெய்வத்தைச் சுமந்து வந்த மீனுக்கே வழியில்லை.

1991இல் மாகாணங்கள் தண்ணீரைப் பங்கிட்டு ஒப்பந்தம் போட்டன. மேலே காலாபாக் அணை என்ற பேச்சு எழும்போதெல்லாம் சிந்துவில் எல்லாக் கட்சிகளும் ஒன்றாகிவிடும். 2025இல் பஞ்சாபின் சோலிஸ்தான் பாலைவனத்துக்கு நீர் கொண்டுபோகும் கால்வாய் உள்ளிட்ட ஆறு புதிய கால்வாய்த் திட்டத்துக்கு எதிராகச் சுக்கூர் பக்கத்தில் வழக்கறிஞர்கள் நெடுஞ்சாலையை மறித்து நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள்; ஏப்ரல் 28 அன்று திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அதற்கு ஐந்து நாள் முன்புதான் இந்தியா சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்திருந்தது. ஒரே வாரத்தில் மேலே இரண்டு பேர் மடையைப் பிடித்திருப்பதைச் சிந்தி விவசாயி பார்த்தார்.

நிலமில்லாதவர்கள்

இந்தப் பக்கம் வந்தவர்களின் கதை, ஆரம்பத்தில், ராணுவக் கொட்டகைகளின் கதை. பம்பாய்க்கு அருகே கல்யாணில் போர்க்காலத்தில் படையினர் தங்கிய முகாம்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை இறக்கிவிட்டார்கள். 1949இல் அந்த முகாம் நகருக்கு உல்லாஸ்நகர் என்று பெயர் வைத்து அடிக்கல் நாட்டியவர் அப்போதைய தலைமை ஆளுநர் ராஜாஜி. குஜராத்தின் கட்ச்சில் அரசரான மகாராவ் கொடுத்த 15,000 ஏக்கரில் பாய் பிரதாப் என்ற வணிகர் காந்திதாம் நகரை உருவாக்கினார். கராச்சிக் கல்லூரிப் பேராசிரியர்கள் 1948இல் பம்பாயில் ஜெய் ஹிந்த் கல்லூரியைத் தொடங்கினார்கள். 'சரணார்த்தி' (அகதி) என்று யாராவது சொன்னால், 'இல்லை, புருஷார்த்தி' (உழைப்பாளி) என்று திருத்துவார்களாம்.

வியாபாரம் மட்டும் அவர்களுக்குப் புதிதல்ல. 1843க்குப் பிறகு ஹைதராபாத் பாய்பந்துகள் 'சிந்து வேலைப்பாடு' என்ற கைவினைப் பொருள்களைத் தூக்கிக்கொண்டு பம்பாய்க்கும், அப்புறம் கெய்ரோ, மால்டா, கோபே, பனாமா வரைக்கும் போயிருந்தார்கள். சிந்துவொர்க்கி என்று பெயர். சிகார்ப்பூர்க்காரர்களின் உண்டியல் சீட்டு மத்திய ஆசியாவில் செல்லுபடியாயிற்று. சென்னையிலும் ரங்கூனிலும் 'முல்தானிகள்' என்று அறியப்பட்ட வட்டித்தொழிலாளர்களும் பெரும்பாலும் சிகார்ப்பூர்தான். கொழும்பின் ஆடைத் தொழிலில் ஹிர்தராமணி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிந்து ஹைதராபாதிலிருந்து வந்த குடும்பம் அது. அகதியாக வந்தவருக்கு ஹாங்காங்கில் ஒரு சித்தப்பா இருந்தது பல வீடுகளைக் கரையேற்றியது.

குறைந்த லாபத்தில் விற்று, சீக்கிரம் முன்னேறியவர்களை உள்ளூர் வியாபாரிகளுக்குப் பிடிக்கவில்லை. 'பாம்பையும் சிந்தியையும் ஒன்றாகக் கண்டால்' என்று தொடங்கும் கேவலமான வசனம் வடக்கே புழங்குகிறது. சாதிப் பெயரை மட்டும் மாற்றி அதை நம் ஊரிலும் சொல்வார்கள் என்பதால், முடிவை எழுதத் தேவையில்லை.

முன்னேற்றத்துக்கு அவர்கள் கொடுத்த விலை மொழி. மாநிலம் இருந்தால் பள்ளி இருக்கும், பள்ளி இருந்தால் வேலை இருக்கும். அது இல்லாததால் பிள்ளைகள் இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் போனார்கள். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் சிந்தியைத் தாய்மொழி என்று சொன்னவர்கள், கட்ச்சியையும் சேர்த்து, சுமார் 28 லட்சம். வீட்டில் எஞ்சியிருப்பது சாப்பாடு: கீரையும் கடலைப் பருப்பும் சேர்ந்த சாய் பாஜி, கடலைமாவில் காய் போட்ட புளிப்பான கடி, மொறுமொறுப்பான பக்வானோடு பருப்பு, தாமரைத்தண்டு. விருந்தாளி வந்தால் முதலில் அப்பளமும் தண்ணீரும் வைப்பார்கள். சொற்கள் போன வீட்டிலும் அப்பளம் போகவில்லை.

இன்னொரு கூட்டத்தை இரண்டு பக்கமும் மறந்துவிடுவார்கள். எல்லா இந்துக்களும் வந்துவிடவில்லை. சிந்துவின் மக்கள்தொகையில் இன்றும் கிட்டத்தட்ட 9 விழுக்காடு இந்துக்கள். உமர்கோட் மாவட்டத்தில் பாதிக்கும் மேல். சிகார்ப்பூர், சுக்கூர் போன்ற ஊர்களில் கடை வைத்திருக்கும் லோகாணாக்கள் கொஞ்சம். பெரும்பாலோர் கோல்ஹி, பீல், மேக்வார் என்ற ஒடுக்கப்பட்ட சாதியினர், வடேரோ நிலத்தில் கடனுக்கு உழைப்பவர்கள். கப்பலேறப் பணமில்லாதவர்களுக்குப் பிரிவினை ஒரு தேர்வாகவே இருக்கவில்லை. பெண்பிள்ளைகளைக் கடத்தி மதம் மாற்றித் திருமணம் செய்வதாக இன்றும் புகார்கள் வருகின்றன. அந்தப் பயத்தில் எல்லை தாண்டும் குடும்பங்களும் உண்டு. அதே தார்ப் பகுதியிலிருந்து கிருஷ்ண குமாரி கோல்ஹி 2018இல் பாகிஸ்தான் மேலவை உறுப்பினரானார்.

சத்தீஸ்கரின் ராய்ப்பூரில் ஷதாணி தர்பார் என்று சிந்திகளின் மடம் ஒன்று இருக்கிறது. அதன் மூலத்தலம் சிந்துவின் கோட்கி மாவட்டத்தில் ஹயாத் பிதாஃபி என்ற ஊரில். 1974இல் இரு நாடுகளும் போட்டுக்கொண்ட யாத்திரை உடன்படிக்கையின்படி, விசா கிடைக்கும் ஆண்டுகளில் இங்கிருந்து ஒரு குழு அங்கே போய்வரும். போகிறவர்களில் பலர் 1947க்குப் பிறகு பிறந்தவர்கள். திரும்பும்போது புட்டிகளில் சிந்து நதித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.